அடைச்சூடு

கிளெபர்ன், டெக்சஸ்
மார்ச் 9

தம்பி லேலண்டுக்கு,

பெட்டியைத் திறந்ததும் உறைந்த எலிகளை ஃப்ரீசருக்கு மாற்று. கடிதத்தை அப்புறம் படிக்கலாம். இங்கே இடது முட்டி வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த வீட்டில் பாம்புகளுக்கு மட்டும்தான் வேளாவேளைக்குச் சாப்பாடா?

போனிலேயே கேட்டிருக்கலாம். போனில் உனக்குப் பொய் சரளமாக வரும். காகிதம் என்றால் கை கூசும். அதனால்தான் எலிப் பெட்டியின் மூடியில் ஒட்டி அனுப்புகிறேன்.

கொரின் கூப்பிட்டாள். விச்சிட்டாவில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். அக்டோபர் கடைசியில் குழந்தையாம். நீ மூச்சு விடவில்லை. அவள் அழாமல் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அக்கா, அந்தப் பின்ரூம் காலியாகி அங்க தொட்டில் நிக்கணும். நின்னா வர்றேன். இல்லன்னா இங்கயே பெத்துக்கிட்டு இங்கயே இருந்துக்கறேன். உங்க தம்பி பாம்போட குடும்பம் நடத்தட்டும்" என்றாள்.

போன வாரம் டாலஸ் பாம்புக் கண்காட்சியில் எலிக்கடை போட்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் நீ ஒரு பிக்கப் வண்டி விலைக்கு விற்றாயே, வெள்ளைத் திட்டுக் குட்டி, அது இப்போது ஒரு ஜோடி பூட்ஸ் விலை. சாயங்காலம் பேரம் பேசினால் செருப்பு விலைக்கும் கொடுப்பார்கள். ஏனென்று உனக்கே தெரியும். உன்னிடம் ஜோடி வாங்கியவன் அடுத்த வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதன் குட்டிகளை உன்னைவிடக் குறைத்து விற்கிறான். வாங்குகிறவன் எல்லாம் விற்பதற்காகவே வாங்குகிறான். விற்க இல்லை, இது என் பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஒரு பாம்பைக் கேட்டு வந்த ஒரே ஓர் ஆளை எனக்குக் காட்டு. அப்போது இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டென்று ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருக்கிற சோம்பேறியைக் கணக்கில் சேர்க்காதே. நீ குட்டியாகக் கொடுத்த நாளிலிருந்து அது பில் மேசைக்கு அடியில் டப்பாவில் தனியாகக் கிடக்கிறது. என் எலியைப் பாம்பு விரும்பித் தின்னும் என்று வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மொத்தமாக எடுக்க ஆள் பிடித்துத் தருகிறேன். ஒன்றைக்கூட நிறுத்திவைக்காதே. ஒவ்வோர் ஈற்றிலும் இருப்பதில் நல்லதை விற்காமல் அடுத்த வருஷத்துக்கென்று நிறுத்திவைப்பீர்களே, உங்கள் கூட்டத்தையே கெடுத்தது அந்தப் பழக்கம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஓப்பல்


பார்சன்ஸ், கான்சஸ்
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எலிகள் உறைந்தபடியே வந்து சேர்ந்தன. என் முதுகு பரவாயில்லை. உன் முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள். கொரினைப் பற்றிச் சொல்லாதது தப்புதான். உன்னிடம் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

நீ சொல்லும் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் முட்டையைக் கீறுகிற காலையில் நீ ஒருமுறைகூட என் பக்கத்தில் நின்றதில்லை. அந்தத் தோலுக்குள் என்ன நிறம் இருக்கிறதென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒரு நிமிஷம் உண்டு. விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, காலி செய்கிறேன். குழந்தை இந்த வீட்டில்தான் வளர வேண்டும். ஆண் பாம்புகளை எல்லாம் போன இலையுதிர்காலத்திலேயே, கூரை மாற்றப் பணம் வேண்டி, ஜாப்ளின் ஊர் டோபினிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் ஒன்றையும் இணை சேர்க்கவில்லை. அதனால் இந்த வருஷம் முட்டை கிடையாது. பெட்டைகளை ஒவ்வொன்றாக விற்கிறேன். பெரியவளுக்கு மட்டும் நல்ல இடமாகப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவில் டோகோவிலிருந்து சாக்கில் வந்து இறங்கியவள், சாதாரணப் பழுப்பு, தலை மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கும். சந்தையில் அவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்த அறையில் இருக்கிற அத்தனையும் அவள் வயிற்றில் தொடங்கியவை. உன் சோம்பேறியும் அவள் மகள்தான்.

கொரினிடம் பேசினால், தொட்டிலுக்கு மரம் வாங்கிவிட்டேன் என்று சொல்.

அன்புடன்
லேலண்ட்


கிளெபர்ன்
மே 2

தம்பிக்கு,

நான் நலம். இந்த வருஷம் வெயில் முன்னாலேயே வந்துவிட்டது. எலிப் பெட்டிக்குள் வைக்கிற உலர்பனியின் விலையும் ஏறிவிட்டது. மரம் வாங்கிய செய்தியைக் கொரினிடம் சொன்னேன். "மரம்தானே" என்றாள்.

இப்போது என் சந்தேகம். நான் கோழிக் கொட்டகையில் நாலு கூண்டு எலியோடு தொடங்கியவள். யார் எவ்வளவு எலி வாங்குகிறான் என்பதை வைத்தே அவன் வீட்டில் என்ன நடக்கிறதென்று சொல்லிவிடுவேன். ஆண்கள் போய்விட்டன, பெட்டைகளும் ஒவ்வொன்றாகப் போகின்றன என்கிறாய். உன் ஆர்டரோ போன வருஷத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதுவும் பெரிய எலியாகக் கேட்கிறாய்.

டோபின் கடைக்கு வந்தபோது வாயைக் கிண்டினேன்.

"லேலண்டோட ஆணெல்லாம் எங்கிட்டதான் இருக்கு, ஓப்பல். ஒண்ணுகூட அவன்ட்ட இல்ல. நானே டப்பா டப்பாவா தூக்கி வண்டியில வெச்சேன்."

"அப்ப அவனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய எலி?"

"பெட்டை முட்டை கட்டும்போதுதான் அப்படித் திங்கும்" என்று சிரித்தான். "சொவத்துக்குள்ளேருந்து மாப்பிள்ளை வர்றானோ என்னவோ, போய்ப் பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையை எழுது.

ஓப்பல்


பார்சன்ஸ்
ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

முட்டை வந்துவிட்டது, அக்கா. விற்றது போக மிச்சமிருந்த பெட்டைகள் எல்லாமே போட்டுவிட்டன. பெரியவள்தான் முதலில் தொடங்கினாள். ஆணின் விந்தணுவைப் பெட்டை வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும், அது தெரிந்த விஷயம்தான். ஒன்றிரண்டு அப்படிப் போட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆணோடு இதுவரை சேர்க்காத இளம் பெட்டைகளும் போட்டிருக்கின்றன. கெட்ட முட்டை ஒன்றுகூட இல்லை. டார்ச் அடித்தால் எல்லாவற்றிலும் சிவப்பு நரம்பு ஓடுகிறது.

மற்ற முட்டைகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்தேன். பெரியவளின் முட்டைகளை எடுக்க அவள் விடவில்லை. மேலே சுருண்டு படுத்து, உடம்பை மெல்ல, ஒரே சீராக நடுக்குகிறாள். மலைப்பாம்பு அப்படித்தான் முட்டைக்குச் சூடு கொடுக்கும். அடியில் முட்டை இருந்தால் மட்டும்தான் அந்த நடுக்கம் வரும். டப்பாவுக்கு வெளியே கை வைத்தால்கூட எனக்குத் தெரிகிறது.

பொரித்ததும் எல்லாவற்றையும் விற்றுவிடுவேன். கொரினிடம் சொல்லாதே.

லேலண்ட்


கிளெபர்ன்
ஜூன் 30

லேலண்ட்,

கொரினுக்கு ஆறாவது மாதம் நெருங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது என்றாள். நீ இன்னும் பாம்பு முட்டைக்கு டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறாய்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குஞ்சு பொரிக்கிற மாதத்தில் எல்லோரிடமும் குஞ்சு இருக்கும், வாங்க ஒருவனும் இருக்க மாட்டான். அவை வளர்ந்து நிற்கத் தின்னும் எலியின் விலை, அவை விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. எலி விற்கிறவளே சொல்கிறேன், கேள். முட்டைகளை இப்போதே உன் ஃப்ரீசரில் வை. வலிக்காது.

உன் நல்லதுக்குத்தான்.
ஓப்பல்


பார்சன்ஸ்
செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டி எப்படி இருக்கிறது? நான் நலம். வீடு முழுக்கப் பெயின்ட் வாசனை.

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் பொரித்தன. வெள்ளைத் தாய், மஞ்சள் தாய், கறுப்புக் கோடு போட்ட தாய், யார் போட்டதாக இருந்தாலும் குஞ்சு எல்லாம் ஒரே மாதிரி. சாதாரணப் பழுப்பு, வெளிறிய தலை. எல்லாம் பெட்டை. பெரியவளின் முகத்தையே வரிசையாக டப்பாக்களில் வைத்தது போலிருந்தது. இத்தனை வருஷம் நான் சேர்த்த நிறம் எல்லாம் ஒரே கோடையில் துடைத்துப் போய்விட்டது. சந்தைக்குக் கொண்டுபோனால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

அதோடு எனக்கும் ஆசை விட்டுப்போயிற்று. டல்சாவிலிருந்து மொத்த வியாபாரி ஒருவர் வந்து, வளர்ந்த பெட்டைகளைக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போனார். அலமாரிகள் போய்விட்டன. பின்ரூமின் வடக்குச் சுவர் ஈரம் பிடித்திருந்ததால் அதற்கு முன்னால் புதிதாக ஒரு பலகைச் சுவர் எழுப்பி, மஞ்சள் பூசினேன். தொட்டிலை அந்தச் சுவரோரம் போட்டிருக்கிறேன். அறை நல்ல கதகதப்பு, ஹீட்டரே வேண்டியிருக்காது.

இனி எலி அனுப்ப வேண்டாம். கொரின் வரட்டும்.

அன்புடன்
லேலண்ட்


கிளெபர்ன்
அக்டோபர் 6

தம்பிக்கு,

பெட்டியில்லாமல் தபால்தலை ஒட்டி உனக்கு எழுதுவது கை காலியாக விருந்துக்குப் போவதுபோல் இருக்கிறது. சந்தோஷம். கொரினிடம் சொன்னேன், முதல்முறையாகச் சிரித்தாள். தொட்டில் என்ன மரம் என்று கேட்டாள்.

ஆனாலும் வியாபாரி மூளை சும்மா இருக்கவில்லை. வளர்ந்தவை டல்சாவுக்குப் போயின, சரி. குஞ்சுகள்? அவற்றை யார் எடுத்தது? இந்த மூன்று மாநிலத்தில் குஞ்சு வாங்குகிற ஒவ்வொருவனும் சுண்டெலிக்கு என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஒருவனும் கூடுதலாகக் கேட்கவில்லை. உன் கடிதத்தில் பெரியவளைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

ஃப்ரீசரில் வைத்துவிட்டேன் என்றால் அதையாவது எழுது. திட்ட மாட்டேன்.

ஓப்பல்


கிளெபர்ன்
நவம்பர் 12

லேலண்ட்,

பதில் இல்லை. பெண் குழந்தை, வில்லா என்று பெயர் வைத்ததைக் கொரின் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இந்த மாதக் கடைசியில் நன்றியறிதல் நாளுக்கு வீட்டுக்கு வருகிறாளாம். "அவர் குரலே மாறிப்போச்சு அக்கா, ரொம்ப அமைதியா பேசறார்" என்றாள்.

நான் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. குழந்தைக்கு ஒரு கம்பளிப் போர்வையும், கட்டிப்பிடித்துத் தூங்க ஒரு துணி முயலும் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


பார்சன்ஸ்
ஜனவரி 19

அன்புள்ள ஓப்பல் அக்காவுக்கு,

நீங்கள் சுகம்தானே? நாங்கள் மூவரும் நலம். கடிதம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்று லேலண்ட் சொன்னார்.

பனிமழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மரமெல்லாம் கண்ணாடி பூசினதுபோல் உறைந்து, ஒடிந்து விழுந்தது. மாவட்டம் முழுக்கக் கரண்ட் போய், ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. எதிர்வீட்டு மிஸ்டர் ஸ்ட்ராட்டனின் குழாய்கள் வெடித்துவிட்டன. எங்கள் சமையலறையில் பால் பாட்டிலிலேயே உறைந்தது. ஆனால் வில்லாவின் அறையில் மட்டும் நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். மெழுகுவத்தி கடன் கேட்க வந்த ஸ்ட்ராட்டன் அந்த மஞ்சள் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "உள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க, அடுப்பா?" என்றார். "பஞ்சு நல்லா அடைச்சிருக்கேன்" என்றார் லேலண்ட். அவர் முகம் சுவரைவிட மஞ்சளாக இருந்தது.

வில்லா அந்த அறையில் அழுவதே இல்லை. எப்படிப் படுக்க வைத்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நல்ல குழந்தை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் சுவரில் முதுகு சாய்த்தால் ஒரு நடுக்கம் தெரிகிறது, தூரத்தில் ரயில் போவதுபோல. எங்கள் பக்கம் ரயில் இல்லை.

அந்தச் சுவர் எதற்கு என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?

கொரின்


பார்சன்ஸ்
பிப்ரவரி 2

அக்கா,

நலமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கொரின் உனக்கு எழுதியது தெரியும். அவள் கேட்பதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்திவைத்தேன். குஞ்சுகளை விற்க முடியவில்லை, கொல்லவும் முடியவில்லை. வருஷமெல்லாம் நல்லதைத் தேடித் தேடி நிறுத்திவைத்த கை, ஒன்றுக்கும் உதவாதவை என்று தெரிந்தும் அத்தனையையும் நிறுத்திவைத்துவிட்டது. புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம். துணி அலமாரிக்குள்ளே இருந்து வழி. பெரியவளும் அங்கேதான் இருக்கிறாள். குழந்தை வருவதற்குள் வேறு இடம் பார்த்துவிடலாம் என்றிருந்தேன்.

எலி எதற்கு வாங்கவில்லை என்று கேட்பாய். அவை தின்பதை நிறுத்திவிட்டன. வைத்தது வைத்தபடி கிடந்தது. மலைப்பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்தான், ஆனால் குஞ்சுகள் தாங்காது. இவை இளைக்கவில்லை. வளர்கின்றன.

கரண்ட் போன முதல் நாள், நான் உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் குளிரில் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தேன். டப்பாக்களில் ஒன்றும் இல்லை. எல்லாம் பலகைச் சுவரின் உள்பக்கத்தில், தொட்டில் இருக்கிற இடத்துக்கு நேராக, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு ஒட்டிக் கிடந்தன. நடுவில் பெரியவள். எல்லாம் ஒரே சீராக நடுங்கிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு முட்டைகூட இல்லை, அக்கா. நன்றாகத் தேடினேன்.

கொரின் போய்விட்டால் நான் தாங்க மாட்டேன். வா.

லேலண்ட்


பார்சன்ஸ்
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி வலியோடு அவ்வளவு தூரம் லாரி ஓட்டி வந்தீர்கள். அன்றைக்கு இருந்த கோபத்தில் உங்களுக்கு ஒரு காபிகூடப் போட்டுக் கொடுக்கவில்லை, மன்னியுங்கள். லேலண்ட் சுவரை உடைத்ததும், நீங்கள் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டுக் கட்டியதும், உறைந்த எலி ஏற்றுகிற உங்கள் குளிர்லாரிக் கதவைச் சாத்தியதும் கண்ணிலேயே நிற்கிறது. ஒன்றுகூடச் சீறவில்லை. "அவ்வளவுதான்டி, முடிஞ்சுது. இனி இது உன் வீடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் தங்கிவிட்டேன்.

வில்லாவுக்குச் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது. ஹீட்டர் போட்டு, உங்கள் கம்பளியைப் போர்த்தினாலும் கை, கால், கன்னம் எல்லாம் ஜில்லென்று இருக்கிறது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "எல்லாம் நார்மல்தாம்மா. முதல் குழந்தையில்ல, அப்படித்தான் தோணும்" என்றார் நர்ஸ். அழுவதில்லை. உடைந்த சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். பால் குடிப்பதும் குறைந்துவிட்டது. எடை மட்டும் குறையவில்லை.

நேற்று அவள் தூங்கும்போது பார்த்தேன். நீங்கள் அனுப்பிய துணி முயலைச் சுற்றி வளைந்து படுத்திருந்தாள். மெல்ல நடுங்கினாள். குளிரில் நடுங்குகிற மாதிரி இல்லை, அது ஒரே சீராக இருந்தது. அவள் கை ஜில்லென்று இருந்தது, அடியில் இருந்த முயல் சூடாக இருந்தது. லேலண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா, உங்கள் பில் மேசைக்கு அடியில் ஒன்று இருக்கிறதாமே. பெரியவளின் மகள் என்றார். அதை எனக்குக் கொடுப்பீர்களா? விற்க இல்லை, குட்டி எடுக்க இல்லை. இந்த அறையில், இவள் பக்கத்தில் இருந்தால் போதும். என்ன விலை என்று சொல்லுங்கள்.

உங்கள்
கொரின்


கிளெபர்ன்
மார்ச் 10

அன்புள்ள கொரினுக்கு,

இங்கே எல்லாம் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சுகம்தான்.

போன வருஷம் இதே நாட்களில் என் தம்பிக்கு எழுதினேன். விற்பதற்காக இல்லாமல் ஒரு பாம்பைக் கேட்டு வரும் ஓர் ஆளைக் காட்டு, உன் தொழிலுக்கு எதிர்காலம் உண்டென்று ஒப்புக்கொள்கிறேன் என்று. காட்டிவிட்டான் என்று அவனிடம் சொல். நான் வாக்கு மாறுகிறவள் இல்லை. விலை வேண்டாம்.

சோம்பேறியைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், பொருளின் குறையை மறைத்து நான் எதையும் கொடுத்ததில்லை. நான் உங்கள் வீட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் அது ஒன்றும் தின்னவில்லை. என் கடையில், கையெட்டும் தூரத்தில் எலி மலை மாதிரி இருக்கிறது. தராசில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் ஏறியிருக்கிறது. டப்பாவை எப்படித் திருப்பி வைத்தாலும் வடக்குப் பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் இருப்பது எனக்கு வடக்கே.

சனிக்கிழமை காலை கிளம்புகிறேன். லாரி வேண்டாம், என் காரிலேயே வருகிறேன். உடைத்த சுவரை அடைக்கச் சொல்லியிருந்தேன், லேலண்ட் இன்னும் தொடங்கவில்லை என்றால் அப்படியே விடட்டும்.

வண்டியில் குளிருமே, டப்பாவுக்கு வெந்நீர்ப் பை வைக்கலாமா என்று இப்போதுதான் மேசைக்கு அடியில் குனிந்து கை வைத்துப் பார்த்தேன். வேண்டியிருக்காது.

வில்லாவுக்கு என் முத்தம்.

ஓப்பல்